ஏஐ விற்கப் போகுமுன் வாடிக்கையாளரின் பில்லை எண்ணுங்கள்

சிங்கப்பூரில் சிறு நிறுவனங்களுக்கு ஏஐ (செயற்கை நுண்ணறிவு) விற்க இறங்குபவர்கள் திரும்பத் திரும்ப அதே குழிகளில்தான் விழுகிறார்கள். சொன்ன நேரத்துக்குப் போகாதது, விலைப்புள்ளியில் கூட்டல் பிழை போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. விற்பனை முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும்போது கையைக் கடிப்பவற்றை மட்டும் பார்ப்போம்.

மாடல், டோக்கன் என்று பாடம் நடத்துவது

ஏஐ உள்ளே எப்படி இயங்குகிறது என்ற விளக்கம் வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

'இப்போது எவ்வளவு ஆகிறது' என்று அளக்காமல் தொடங்குவது

எத்தனை முறை சொன்னாலும் நடந்துகொண்டே இருக்கும் தவறு இது. மூன்று மாதச் சோதனை ஓட்டம் முடியும். ஊழியர்களுக்கும் பிடித்திருக்கும். முதலாளி ஒரே கேள்வி கேட்பார்: "இதுல எனக்கு எவ்வளவு மிச்சம் தம்பி?"

"நிறைய நேரம் மிச்சமாகுதுண்ணே."

"நிறையன்னா?"

அதற்குமேல் பேச்சிருக்காது. பழைய முறையை யாரும் அளந்து வைக்கவில்லை. அது கைவிடப்பட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒப்பந்தம் அத்தோடு சரி.

லிட்டில் இந்தியாவின் தேக்காப் பக்கம் மளிகை மொத்த வியாபாரம் ஒன்று, சப்ளையர் பில்களைக் கணக்கு மென்பொருளில் ஏற்றும் வேலை என்று வைத்துக்கொள்வோம். விலை பேசுமுன் ஐந்து வேலை நாள் கணக்கு எழுதுபவர் பக்கத்தில் உட்காருங்கள். குறிக்க வேண்டியவை நான்கு: நாளுக்கு எத்தனை பில், பில்லுக்கு எத்தனை நிமிடம், எத்தனை தவறு, ஒரு தவறைத் திருத்த எவ்வளவு நேரம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அளக்காதீர்கள். அந்த எண் ஆண்டு முழுக்க உங்களைத் துரத்தும். தாளில் எழுதி முதலாளியின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

நாளுக்கு 60 பில், பில்லுக்கு 4 நிமிடம் என்றால் 240 நிமிடம். ஏஐ வந்தபின் 50 பில்லை 40 விநாடி வீதம் சரிபார்த்தால் போதும். மிச்சம் 10 பில்லில் அது தடுமாறும், அவற்றுக்கு 5 நிமிடம் வீதம் ஆகும். மொத்தம் சுமார் 83 நிமிடம். மாதம் 26 நாளுக்கு 68 மணி நேரம் மிச்சம். தடுமாறும் அந்தப் பத்தைக் கணக்கில் விடுபவர்கள்தான் அதிகம். பிறகு அந்த 50 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று முழிப்பார்கள்.

மணிக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைத்து, மாதம் 1,020 வெள்ளி லாபம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஊழியரின் சம்பளம் அப்படியேதானே இருக்கிறது? முதலாளி பழம் தின்று கொட்டை போட்டவர், சிரிப்பார். அந்த 68 மணி நேரத்தில் ஊழியர் என்ன செய்வார் என்று முதலாளியிடமே கேளுங்கள். பெரும்பாலும் பாக்கி வசூல் என்பார். அப்படியானால் 60 நாள் தாண்டிய பாக்கி எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் உட்காராவிட்டால் கண்ணில் படாத ஒன்றும் உண்டு. பில்லில் அரிசி 20 மூட்டை என்று அச்சாகியிருக்கும். சரக்கோடு வரும் டிஓவின் (டெலிவரி ஆர்டர்) ஓரத்தில் நீலப் பேனாவில் '2 ஷார்ட்', அதாவது இரண்டு குறைவு, என்று கிறுக்கியிருக்கும். பில்லை மட்டும் படிக்கும் மென்பொருள், வராத இரண்டு மூட்டைக்கும் காசு கொடுக்கச் சொல்லும். பில்லையும் டிஓவையும் ஒப்பிட்டுக் காட்டுவதற்குத்தான் முதலாளி பணம் தருவார். தட்டச்சு வேகத்துக்கு அல்ல.

'95 சதவீதம் சரியாக வரும்' என்பது

எதில் 95? ஒரு பில்லில் தேதி, எண், தொகை, 9 சதவீத ஜிஎஸ்டி என்று எட்டு இடங்களைப் படிக்கிறது என்றால், ஒவ்வொன்றும் தனித்தனியாக 95 சதவீதம் சரி என்றாலும் எட்டும் சரியாக வரும் பில் மூன்றில் இரண்டுதான். பில் கணக்கில் சொல்லுங்கள்.

சொந்த பிடிஎஃப்பை வைத்து டெமோ காட்டுவது

வாடிக்கையாளருடைய பில்களில் மோசமான முப்பதை எடுங்கள்: மங்கிய வெப்பத்தாள், எண்ணெய்க் கறை, சீன முத்திரை விழுந்தவை.

மானியத்தை விற்பது

"பாதிக் காசு அரசாங்கம் தரும்" என்று ஆரம்பித்தால், மீதிப் பாதி எதற்கு என்ற கேள்விக்கு விடையே இருக்காது. உற்பத்தித்திறன் தீர்வு மானியமான பிஎஸ்ஜியில் முழுத் தொகையையும் முதலில் வாடிக்கையாளர்தான் கட்ட வேண்டும், பிறகுதான் திரும்பக் கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலோ முன்பணம் கட்டினாலோ தகுதி போய்விடும். அவசரப்பட்டு முன்பணம் வாங்கும் விற்பனையாளர் வாடிக்கையாளரின் மானியத்துக்கே வேட்டு வைக்கிறார்.

'எல்லாம் கிளவுடில் இருக்கு' என்பது

2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வாடிக்கையாளருக்காகக் கையாளும் தனிநபர் தரவுக்கும் அவர் பொறுப்பு. எந்த நாட்டுச் சர்வர், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், மாடலைப் பயிற்றுவிக்க அதைப் பயன்படுத்துவீர்களா, ஒப்பந்தம் முடிந்தால் யார் அழிப்பார்: ஒரே பக்கத்தில் எழுதி, அவர் கேட்கும் முன்பே கொடுங்கள்.