கனத்த இரும்பை அறுக்க பிளேடு வாங்கும்போது செய்யும் தவறுகள்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வெல்டிங் பட்டறைக்கு ஓய்வே கிடையாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், கிழக்குக் கரையான சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையான குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். படகில் துரு தின்ற சேனலை (பள்ள வடிவ இரும்புச் சட்டத்தை) அறுத்தெடுத்து, புது இரும்பு வைத்து முடிக்க 61 நாள்தான். இன்ஜினுக்கு அடியில் கட்டிங் வீல் நுழையாத இடத்தில் ரெசிப்ரோகேட்டிங் சா (பிளேடை முன்னும் பின்னும் ஓட்டி அறுக்கும் கை ரம்ப மெஷின்) தான் கைகொடுக்கும். பிளேடு அதிகம் வீணாவதும் அங்கேதான்.

போன வருடம் 12 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பு பிளேட்டை (தகட்டை) அறுக்க, பட்டறைப் பையன் ஒருவன் 24 பல் பிளேடு வாங்கி வந்தான். “அண்ணே, இரும்புக்குப் பொடிப்பல் தானே நல்லது?” என்றான். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பிளேடு வெறுமனே தேய ஆரம்பித்தது, புகை வந்தது. கழற்றிப் பார்த்தால் பல் ஓரம் முழுக்க நீலம் பூத்திருந்தது. பல் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

காரணம் எளிது. 24 பல் என்றால் ஒரு இஞ்சுக்கு 24; பல்லுக்குப் பல் சுமார் 1 மில்லிதான் இடைவெளி. கனத்த இரும்பில் விழும் தூள் அந்தச் சின்னப் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் பல் வெட்டாது, உரசும். எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்புக்குள் இருக்க வேண்டும். அதே நேரம் தூள் வெளியேறவும் இடம் வேண்டும். 10 பல் பிளேடில் மூன்று பல்லுக்கு ஏறக்குறைய 8 மில்லி, 8 பல் பிளேடில் ஒன்பதரை மில்லி ஆகும். ஆகவே 10, 12 மில்லி பிளேட்டுக்கு 8 அல்லது 10 பல் பிளேடுதான் சரி. பைப் வாங்குபவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள்: இரண்டு இஞ்சு பைப், பெரிய பைப் என்று பெரும்பல் பிளேடை எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது பைப்பின் அகலத்தை அல்ல, சுவரின் கனத்தை. மூன்றரை, நான்கு மில்லி சுவருக்கு 18 பல் போதும். பெரும்பல் போட்டால் பல் மாட்டி உடையும்.

விலையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. மரத்துக்கென்று வரும் ஹை கார்பன் பிளேடு மலிவு, ஆனால் கனத்த இரும்பில் நிற்காது. பை-மெட்டல் பிளேடில் முதுகு வளையும் ஸ்பிரிங் ஸ்டீல், பல் ஓரம் ஹை ஸ்பீடு ஸ்டீல். சாதாரண ஆங்கிள், சேனலுக்கு அதுவே தாராளம். படகின் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷாஃப்ட், வார்ப்பிரும்பு என்று வந்தால் கார்பைடு (இரும்பைவிடக் கடினமான பொருள்) பல் வைத்த பிளேடு வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் உழைப்பில் ஈடுகட்டிவிடும். ஒன்றை மறக்காதீர்கள்: கார்பைடு கடினமானது, அதனாலேயே அதிர்ந்தால் தெறிக்கும். வேலைப்பொருளை வைஸிலோ கிளாம்பிலோ இறுக்கிக் கட்டாமல் அதைப் போடவே கூடாது.

நீளம் தேவைக்கு மேல் வேண்டாம். ஆறு இஞ்சு போதுமான இடத்தில் பன்னிரண்டு இஞ்சு பிளேடு போட்டால் நெளியும், வெட்டும் கோணலாகும்.

இனி, நல்ல பிளேடையும் சாகடிக்கும் பழக்கங்கள். மரத்துக்கான ஆர்பிட்டல் வசதியை (பிளேடை நேராக ஓட்டாமல் சுழற்றி ஓட்டுவது) அணைக்காமல் இரும்பை அறுப்பது. ட்ரிக்கரை முழுக்க அழுத்துவது. எஸ்எஸ்ஸுக்கு வேகம் குறைவாக, அழுத்தம் விடாமல் இருக்க வேண்டும், சும்மா உரசவிட்டால் அதன் மேற்பரப்பு இறுகிப்போகும். ஷூவை (சாவின் முன்னால் பிளேடைச் சுற்றியுள்ள தாங்கு தகட்டை) இரும்பில் ஒட்டிப் பிடிக்காமல் பிளேடை மட்டும் ஆடவிடுவது. கட்டிங் ஆயில் ஊற்றாமல் விடுவது.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த சாவின் ஓட்டம் ஒரு இஞ்சுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதனால் ஷூவுக்கு அருகே உள்ள சில பற்கள் மட்டுமே தேய்கின்றன. மீதி பிளேடு புதிதாக இருக்கும்போதே தூக்கி எறிகிறோம். உங்கள் சாவில் ஷூவை முன்னே நகர்த்தும் வசதி இருந்தால் நகர்த்துங்கள், புதுப் பல் வேலைக்கு வரும். அதே பிளேடு இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

பாதி அறுப்பில் பிளேடு போய்விட்டால் புதுசை அதே வெட்டில் திணிக்காதீர்கள். பழைய பல் தேய்ந்து வெட்டைக் குறுக்கியிருக்கும். புதுப் பல் அதில் இறுகி உடையும். மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

எங்கள் கரையோரத்துக்கு இன்னொன்று. துருப்பொருக்கு, மணல், ஒட்டுச்சிப்பி இவை மூன்றும் பல்லுக்கு எமன். அறுக்கும் கோட்டை மட்டுமாவது உளியால் தட்டிச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். டீசல் தொட்டி பக்கத்தில் என்றால் தொட்டியைக் கழுவிக் காற்றோட்டம் விட்ட பிறகே சாவைத் தொடுங்கள். பொறி குறைவு என்று நம்பி உள்ளே போகாதீர்கள். வேலை முடிந்ததும் பிளேடை எண்ணெய்த் துணியால் துடைத்து டப்பாவில் மூடி வையுங்கள், உப்புக்காற்றில் இரண்டே நாளில் சிவந்துவிடும்.