லண்டன் அப்பாவின் உயிலில் பெயர் இல்லையா? வழக்கு முடியுமுன் செலவுக்குப் பணம் கேட்பது எப்படி

மட்டக்களப்பில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருப்பதால் இந்த மாதிரிக் கடதாசிகள் என் மேசைக்கு அடிக்கடி வரும். லண்டனில் இருந்த அப்பா போய்விட்டார், சொத்தெல்லாம் அண்ணனுக்கோ இரண்டாந்தாரத்துக்கோ, ஊரில் இருக்கிற மகளுக்கு ஒரு வரிகூட இல்லை. வந்து இருந்ததும் முதலில் சொல்வது "ஏமாத்தி எழுதி வாங்கிட்டாங்க" என்பதுதான். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உயில் செல்லாது என்று வழக்காடுவது ஒன்று, உயில் இருக்கட்டும், என் பிழைப்புக்கு அப்பா ஒன்றும் வைக்கவில்லை என்று கேட்பது வேறொன்று. தீர்ப்புக்கு முன்னமே இடைக்காலமாகப் பணம் கேட்க இடமிருப்பது இந்த இரண்டாவது வழியில்தான், குடும்பத்தாருக்கும் தங்கியிருந்தவர்களுக்கும் இறந்தவரின் சொத்திலிருந்து பராமரிப்புக் கேட்க இடம்தரும் இங்கிலாந்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் (Inheritance Act 1975) 5ஆம் பிரிவில்.

பிள்ளைக்கு எத்தனை வயது, கலியாணம் முடித்தவரா, கல்லடியில் இருக்கிறாரா களுவாஞ்சிக்குடியில் இருக்கிறாரா என்பதெல்லாம் தடை இல்லை. அப்பாவின் நிரந்தர வதிவிடம் (domicile) இறக்கும்போது இங்கிலாந்தோ வேல்ஸோ என்றிருக்க வேண்டும், அதுதான் முக்கியம், அதற்குப் பாஸ்போர்ட் மட்டும் போதாது. கடைசிக் காலத்தை எங்கே கழிக்க நினைத்தார் என்று பார்ப்பார்கள். "ஊருக்கு வந்து வீடு கட்டி இருக்கப் போறேன்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு உங்களிடம் இருந்தால் அதை முதல் நாளே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம், ஏனென்றால் மற்றப் பக்கத்திடமும் அப்படி ஒன்று இருக்கும். வதிவிடம் இலங்கைதான் என்று முடிவானால் இந்த வழி அடைபட்டுவிடும். நமது 1844ஆம் ஆண்டு உயில் கட்டளைச் சட்டம் காரணமே சொல்லாமல் பிள்ளையை ஒதுக்கவும் இடம் கொடுக்கிறது.

அடுத்தது நாள் கணக்கு. புரொபேட், அதாவது உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அதிகாரப் பத்திரம், வழங்கப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குப் பதிவாக வேண்டும். பிந்தினால் நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம், கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அண்ணன் "பேசித் தீர்ப்போம்" என்று இழுத்துக்கொண்டு போகும்போதுதான் இந்த 6 மாதம் போய்விடுகிறது, இதை நான் மனம் வருந்தித்தான் எழுதுகிறேன். பேசுங்கள், ஆனால் வழக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

சரி, இடைக்காலப் பணம். நீதிபதி பார்ப்பது இரண்டு விஷயம். உங்களுக்கு இப்போதே உதவி தேவைப்படுகிறது, ஆனால் கடைசியாக எவ்வளவு என்பதை இப்போது முடிவுசெய்ய முடியாது என்பது ஒன்று. அந்தத் தேவைக்குக் கொடுக்கச் சொத்திலிருந்து பணம் எடுக்க முடியும் என்பது மற்றது. விற்காத வீடு மட்டும் கிடந்து வங்கியில் ஒன்றும் இல்லையென்றால் இரண்டாவதில் சிக்கும். ஆகவே முதலில் உயிலின் நிறைவேற்றாளருக்கு எழுதி, கையில் என்ன இருக்கிறது என்று கேட்டு, முன்பணமாகத் தர முடியுமா என்றும் கேளுங்கள். மறுத்தால் அந்தப் பதில் விண்ணப்பத்தோடு போகும்.

தேவையைக் காட்டுவது கடதாசிதான். ஒரு தங்கச்சி சீலைப் பையில் கொண்டுவந்து கொட்டினதில் நகை அடகுச் சீட்டு மூன்று, சிவப்பு எழுத்தில் வந்த மின்சார பில், மூலை சுருண்ட கடைக் கொப்பி இருந்தன. அப்பா பற்றி அவள் எழுதிவந்த பதினொரு பக்கத்தைவிட அந்தக் கொப்பி பெரிய சாட்சி, ஒவ்வொரு நாளும் என்ன வாங்கினாள், எவ்வளவு கடன் என்று கடைக்காரரின் கையெழுத்திலேயே இருந்தது. மாத வரவு, மாதச் செலவு, கடன், மருந்து, பிள்ளைகளின் படிப்பு, வங்கிப் புத்தகம், அரசின் அஸ்வெசும உதவிப் பணம் வருகிறதென்றால் அதுவும், எல்லாவற்றையும் ரூபாயிலும் இங்கிலாந்துப் பவுணிலும் போடுங்கள்.

நம் பக்கத்தில் மறக்கிற ஒன்று சீதன வீடு. உறுதி உங்கள் பெயரில் இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வீடிருக்கிறவளுக்கு என்ன குறை என்று அங்கே ஒருவர் நினைக்காதபடி, அந்த வீட்டிலிருந்து வருமானம் வருவதில்லை, விற்றால் குடியிருக்க இடமில்லை, கூரை ஒழுகுகிறது என்பதைப் படத்தோடு எழுதுங்கள்.

வாக்குமூலத்தை நீங்கள் பேசும் தமிழிலேயே எழுத வேண்டும், ஆங்கிலம் தெரியாதவர் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. அப்புறம் மொழிபெயர்ப்பாளர் சரியென்று சான்று தந்து இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். லண்டனிலிருந்து ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் தமிழ்ப் பிரதி எங்கே என்று கேளுங்கள்.

பெரிய தொகையை மனதில் வைக்க வேண்டாம். வளர்ந்த பிள்ளைக்குக் கிடைப்பது பராமரிப்புக்கு மட்டும். ஹீதர் இலொட் என்ற மகளின் தாய் 2004இல் இறந்தபோது சொத்து ஏறத்தாழ 4,86,000 பவுண், அது பெரும்பாலும் விலங்கு நல அமைப்புகளுக்குப் போனது. மேன்முறையீடெல்லாம் தாண்டி 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது முதலில் கிடைத்த 50,000 பவுணைத்தான். தோற்றால் மற்றப் பக்கத்தின் செலவும் உங்கள் தலையில் விழலாம், வெளிநாட்டில் இருப்பதால் அந்தச் செலவுக்குப் பிணை வைக்கச் சொல்லியும் கேட்கலாம். கையெழுத்துப் போடுமுன் இதைச் சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டளை கிடைத்தால் பணம் மாதாமாதமோ ஒரே தடவையாகவோ வரும், நிபந்தனையும் போடலாம், கடைசித் தீர்ப்பில் வரும் தொகையிலிருந்து கழிக்கவும் செய்யலாம். வந்ததும் முதலில் கடைக் கொப்பிக் கணக்கைத் தீர்த்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.