போனை ரூட் செய்வது இன்றும் பயன்தருமா?

ஆண்ட்ராய்டு, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மேல் இயங்குகிறது. லினக்ஸ் குடும்பத்தில் எல்லா அதிகாரமும் உடைய பயனருக்கு ‘ரூட்’ என்று பெயர். போனைச் செய்யும் நிறுவனம் நமக்குத் தராமல் வைத்திருக்கும் அந்த அதிகாரத்தைப் பெறுவதே ரூட் செய்தல். அதைத் தொடங்கும் முன், எதற்காகச் செய்கிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். ‘வேகம் கூடும்’ என்பது மட்டுமே அந்த வரியானால் இத்துடன் நிறுத்திவிடலாம். ரூட் செய்ததாலேயே எந்தப் போனும் வேகமாகிவிடுவதில்லை.

விளம்பரத் தொல்லைதான் காரணம் என்றால், 2018இல் ஆண்ட்ராய்டு 9 உடன் வந்த ‘பிரைவேட் டிஎன்எஸ்’ (இணையப் பெயர்களுக்குரிய எண் முகவரியைத் தேடித்தரும் சேவையை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி) அமைப்பில் விளம்பரங்களைத் தடுக்கும் ஒரு சேவையின் முகவரியை இட்டாலே பல செயலிகளில் அவை மறைந்துவிடும். யூடியூப் விளம்பரங்கள் மட்டும் இதற்கு அசையா.

போனுடன் வந்த வேண்டாத செயலிகளை நீக்குவதற்கும் ரூட் தேவையில்லை. செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ என்பதை ஏழு முறை தொட்டு டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, கணினியின் கட்டளைகளைப் போன் ஏற்கச் செய்யும் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியிலிருந்து அக்கட்டளைகளை அனுப்பும் ஏடிபி கருவி வழியாக அச்செயலியை உங்கள் பயனர் கணக்கிலிருந்து நீக்கலாம். சிஸ்டம் பகுதியில் அதன் கோப்பு அப்படியே இருக்குமாதலால் அந்த இடம் மிச்சமாகாது. ஆனால் தவறாக எதையேனும் நீக்கிவிட்டால் திரும்பப் பெறவும் முடியும் என்பதால் இது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. வேலை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைத்துவிடுங்கள், ஏனெனில் சில வங்கிச் செயலிகள் அது திறந்திருந்தாலே இயங்க மறுக்கின்றன.

ரூட் செய்த போனில் அந்த மறுப்பு இன்னும் கடுமையாகும். ‘பிளே இன்டக்ரிட்டி’ என்னும் கூகுளின் சோதனை, போனின் வன்பொருளில் பதிந்த சாவியைக் கொண்டே, போன் எழும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர் என்னும் நிரல் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதால், அதை மென்பொருளால் ஏமாற்றுவது எளிதல்ல. கசிந்த சாவிகளைக் கொண்டு சமாளிப்பவர்கள் உண்டு. கூகுள் அச்சாவியை ரத்து செய்யும் நாளில் வேறொன்றைத் தேடி அலைய வேண்டும். தேநீர்க் கடையில்கூட யூபிஐ வழியாகப் பணம் கொடுக்கும் ஒருவருக்கு இந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. சாம்சங் போன்களில் இழப்பு நிரந்தரமானது: அங்கீகாரமற்ற மென்பொருள் ஏறியதும் நாக்ஸ் என்னும் பாதுகாப்பு அமைப்பின் மின் உருகி எரிந்துவிடும், பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றினாலும் ‘செக்யூர் ஃபோல்டர்’ திரும்பாது.

ஆக, சிஸ்டம் கோப்புகளை மாற்றுவது, செயலிகளை அவற்றின் தரவோடு முழுமையாக நகலெடுப்பது போன்ற தேவைகளுக்கே ரூட் இன்று பொருந்தும். அதுவும் பணமும் சிம் கார்டும் இல்லாத இரண்டாவது போனில் என்பது என் கருத்து.

பழக ஏற்றது கூகுள் பிக்சல். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ மங்கலாக இருந்தால் அந்தப் போனை விட்டுவிடுங்கள்; அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் சில விற்றவை அப்படித்தான் இருக்கும். இயக்க முடிந்தால், முதலில் எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு, ஃபாஸ்ட்பூட் முறையில் (ஆண்ட்ராய்டு எழும் முன்பே போன் கணினியின் கட்டளைகளை ஏற்கும் நிலை) கணினியிலிருந்து பூட்லோடரைத் திறக்க வேண்டும். அந்த நொடியில் போனிலுள்ள தரவு முழுவதும் அழியும். பிறகு போனில் உள்ள அதே பில்ட் எண்ணுக்கான தொழிற்சாலைக் கோப்பை (போனின் மூல மென்பொருள் முழுவதும் அடங்கியது) கூகுள் தளத்திலிருந்து இறக்கி, பிக்சல் 7 முதலான போன்களில் ‘இனிட் பூட்’ படிமத்தையும் (போன் எழும்போது பயன்படும் மென்பொருள் பகுதியின் கோப்பு), பிக்சல் 6 வரை ‘பூட்’ படிமத்தையும் தனியே எடுத்துப் போனுக்கு அனுப்புங்கள். ரூட் அதிகாரம் பெற உதவும் மேஜிஸ்க் என்னும் செயலி அதைத் திருத்தித் தரும். திருத்திய கோப்பைக் கணினிக்குக் கொண்டுவந்து ஃபாஸ்ட்பூட் வழியாக எழுதிவிட்டு, போனை மறுபடி இயக்கி மேஜிஸ்க்கைத் திறந்தால் நிறுவப்பட்ட பதிப்பின் எண் தெரியும்.

திருத்தாத மூலப் படிமத்தைக் கணினியில் பத்திரமாக வையுங்கள். போன் எழாமல் போனால் அதை மீண்டும் எழுதுவதே மருந்து. மாதந்தோறும் வரும் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒவ்வொன்றின்போதும் இந்தத் திருத்தத்தை மறுபடி செய்ய நேரும். மனம் மாறி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பினால், தொழிற்சாலைக் கோப்பை முழுவதுமாக ஏற்றி, போன் ஒழுங்காக எழுவதைப் பார்த்த பிறகே பூட்லோடரைப் பூட்டுங்கள். திருத்திய படிமம் உள்ளே இருக்கும்போது பூட்டினால் போன் எழாது.