ஃபார்மேட் வேண்டாம்: கணினியில் ஒட்டிக்கொண்ட ஆட்வேரை நீங்களே நீக்கும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் காலையில் முதல் வேலையாகப் பார்ப்பது அன்றைய வெள்ளி விலை. தேடினால் வரிசையாகப் பல தளங்கள் வரும். அதில் ஏதோ ஒன்று, விலையைக் காட்டும் முன்பு ஒரு சின்னப் பெட்டியை நீட்டும். ‘அலவ்’ என்று ஒரு பட்டன், ‘பிளாக்’ என்று ஒரு பட்டன். அவசரத்தில் ‘அலவ்’ அழுத்திவிடுகிறோம். அன்று மாலையே திரையின் வலது கீழ் மூலையில் “உங்கள் கணினியில் வைரஸ்” என்று ஆரம்பித்து, சூதாட்டம், கடன், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கக் கூசும் படம் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

இதற்கு நம் ஊரில் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான்: “ஃபார்மேட் அடிச்சிடலாம்.” பெரும்பாலும் அது தேவையே இல்லை. ஆட்வேர் என்கிற விளம்பர மென்பொருள் பூட்டை உடைத்துக்கொண்டு வருவது குறைவு. ஏதோ ஒரு பட்டனை அழுத்தி நாமே உள்ளே விட்டிருப்போம். எங்கே அனுமதி கொடுத்தோமோ அங்கேயே போய் அதைத் திரும்ப வாங்கிவிட்டால் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்துவிடும்.

ஒரே ஒரு நிபந்தனை. நான்காவது படி வரும்வரை புதிதாக எதையும் டவுன்லோட் செய்யாதீர்கள். ‘இலவச ஆட்வேர் ரிமூவர்’ என்று தேடப்போய் இரண்டாவது ஆட்வேரை வாங்கி வந்தவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதுகிறேன். மெனுவின் பெயர் ஒன்றிரண்டு இடங்களில் லேசாக மாறலாம். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டினால் வந்துவிடும்.

தொடங்கும் முன்பு டேலி பேக்கப், பில் கோப்புகள், குடும்பப் படங்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

முதலில், எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்

பிரவுசரில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து நாலைந்து கட்டுரைகளைப் பாருங்கள். ஏற்காடு, மேட்டூர் அணை, எதுவாக இருந்தாலும் சரி. விக்கிப்பீடியா வணிக விளம்பரம் போடுவதே இல்லை. எப்போதாவது நன்கொடை கேட்டு அவர்களே ஒரு பட்டை வைப்பார்கள், அவ்வளவுதான். அங்கே செருப்பு விளம்பரமோ ‘டவுன்லோட்’ என்ற பெரிய பச்சைப் பட்டனோ தெரிந்தால், அது தளத்திலிருந்து வருவதல்ல, உங்கள் பக்கத்திலிருந்து நுழைக்கப்படுவது. செய்தித் தளங்களை வைத்து இதைச் சோதிக்க முடியாது, அங்கே இயல்பாகவே விளம்பரம் கொட்டிக் கிடக்கும்.

அப்புறம் வேறு பிரவுசரிலும் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். குரோமில் மட்டும் தொல்லை, எட்ஜில் இல்லை என்றால் கோளாறு குரோமுக்குள் இருக்கிறது. இரண்டிலும் வந்தால் விண்டோஸில் ஏதோ புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது. அதே வைஃபையில் இருக்கும் செல்போனிலும் வந்தால் சந்தேகம் ரவுட்டர் மேல். அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: நோட்டிஃபிகேஷன் அனுமதியைத் திரும்ப வாங்குதல்

வலது கீழ் மூலையில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதிக்கு மருந்து இதுதான். குரோமில் மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். எட்ஜில் செட்டிங்ஸைத் திறந்து ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று தேடுங்கள்.

அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். முதல் முறை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும். எந்த மொழி என்றே தெரியாத முகவரிகள், எண்களும் எழுத்துகளும் கலந்த பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ‘பிளாக்’ கொடுங்கள். ‘ரிமூவ்’ கொடுத்தால் அந்தத் தளம் அடுத்த முறை மறுபடியும் அனுமதி கேட்கும், ‘பிளாக்’ கொடுத்தால் கேட்காது. வாட்ஸ்அப் வெப், ஜிமெயில் மாதிரி நீங்கள் உண்மையில் பயன்படுத்துவதை மட்டும் விட்டுவையுங்கள். அதே பக்கத்தில், தளங்கள் அனுமதி கேட்கவே கூடாது என்று தேர்ந்தெடுக்கவும் வழி உண்டு. கடைக் கணினியில் அதைத் தயங்காமல் போட்டுவிடலாம்.

இனி எங்காவது “நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் அழுத்தவும்” என்று வந்தால் அது ஏமாற்று. ரோபோவா மனிதரா என்று பார்க்கும் உண்மையான சோதனைக்கும் அந்த அனுமதிப் பெட்டிக்கும் சம்பந்தமே கிடையாது.

படி 2: எக்ஸ்டென்ஷன்கள்

பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சின்னச் செயலிகள்தான் எக்ஸ்டென்ஷன்கள். குரோமின் மேல்பட்டையில் புதிர்த் துண்டு மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அழுத்தி ‘மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ போங்கள். பிடிஎஃப் கன்வெர்ட்டர், கூப்பன், வானிலை, ‘சர்ச்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவை, நீங்கள் போட்டதாக நினைவில்லாதவை, எல்லாவற்றையும் ‘ரிமூவ்’ செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் ‘டீடெய்ல்ஸ்’ பாருங்கள். எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி பெற்றிருந்தால், விக்கிப்பீடியாவில் விளம்பரம் நுழைக்க அதற்கு அது போதும். கடவுச்சொல் தட்டுவதைப் பார்க்கவும் போதும்.

நல்ல பெயர் இருந்ததே என்று நம்பிவிட முடியாது. கிரேட் சஸ்பெண்டர் என்று ஒரு எக்ஸ்டென்ஷன், பல லட்சம் பேர் வைத்திருந்தது. 2020இல் கை மாறியது. 2021 பிப்ரவரியில், தீங்கு செய்யும் நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை முடக்கியது. பயன்படுத்தியவர்கள் இடையில் எந்தப் பட்டனையும் புதிதாக அழுத்தவில்லை. எண்ணிக்கை குறைவாக இருப்பதே நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஃபார்மேட் செய்தும் தொல்லை திரும்பி வந்தது என்று பலர் புலம்புவதன் ரகசியமும் இங்கேதான். புது விண்டோஸ் போட்டு, குரோமில் பழைய ஜிமெயில் கணக்கில் நுழைந்து, கணக்கில் சேமித்ததைத் திரும்பக் கொண்டுவரும் ‘சிங்க்’ ஓடியதும், பழைய எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையும் வரிசையாகத் திரும்ப இறங்கிவிடும். கடையில் கொடுத்த காசும் போச்சு, தொல்லையும் போகவில்லை. எக்ஸ்டென்ஷனை நீக்கும்போது அதே கணக்கில் இருக்கும் மற்றக் கணினிகளிலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சில எக்ஸ்டென்ஷன்களுக்கு ‘ரிமூவ்’ பட்டனே வேலை செய்யாது. குரோம் மெனுவின் அடியில் “உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது” என்ற பொருளில் ஒரு வரி வேறு இருக்கும். ஆபீஸ் கணினி என்றால் அது சகஜம், சில ஆன்டிவைரஸ்களும் அந்த வரியைக் கொண்டுவரும். எதுவுமில்லாத வீட்டுக் கணினியில் அது தெரிந்தால், ஒரு புரோகிராம் வெளியே இருந்து பிடித்து வைத்திருக்கிறது. அடுத்த இரண்டு படிகளை முடித்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

படி 3: புரோகிராம்கள்

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். விண்டோஸ் 10இல் ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ். பட்டியலை இன்ஸ்டால் செய்த தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை எப்போது ஆரம்பித்தது என்று தோராயமாகத் தெரிந்தால் போதும், அந்த நாளில் கூட்டமாக வந்து இறங்கியவர்கள் கண்ணில் படுவார்கள். நீங்கள் கேட்டது ஒரு வீடியோ பிளேயர், கூடவே ஒரு ‘பிசி ஆப்டிமைசர்’, ஒரு ‘டிரைவர் அப்டேட்டர்’, கேள்விப்படாத பெயரில் ஒரு பிரவுசர்.

நீக்கும்போது நிதானம் வேண்டும். ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ்’ என்று ஆரம்பிப்பவை, இன்டெல், ரியல்டெக், பிரின்டர் டிரைவர் இவற்றைத் தொடாதீர்கள். ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்கள் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனுக்கான மென்பொருளைக் குப்பை என்று நினைத்து நீக்கிவிட்டு, மாதக் கடைசியில் ஆடிட்டரிடம் ஓடுவதும் நடக்கிறது.

ஆட்வேரின் அன்இன்ஸ்டால் திரையே ஒரு தந்திரம். ‘வைத்துக்கொள்’ என்ற பட்டன் பெரிதாகக் கலரில் இருக்கும். ‘நீக்கு’ சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தாக ஓரத்தில் கிடக்கும். படித்துப் பார்த்து அழுத்துங்கள். நீங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4 என்ற எண். கணினி சேஃப் மோடில் எழும்பும். அங்கே பல புரோகிராம்கள் தானாக ஓடாது என்பதால் நீக்குவது எளிது.

முடித்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் மிச்சம் மீதி இருந்தால் ‘டிஸேபிள்’ செய்யுங்கள்.

படி 4: ஸ்கேன்

விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது, முதலில் அது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் பகுதியில் அப்டேட் கொடுத்துவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ‘ஃபுல் ஸ்கேன்’. ஏற்காட்டில் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் பயப்பட வேண்டாம், அப்டேட் இறங்கிய பிறகு ஸ்கேனுக்கு டேட்டா பெரிதாகச் செலவாகாது. ஆட்வேர் பின்னணியில் தின்னும் டேட்டாவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

அதே இடத்தில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்றும் ஒன்று உண்டு. கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்பும் முன்பே தேடும். கால் மணி நேரம் போல ஆகும். மின்சாரம் போய் வரும் மழை நாளில், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இதைத் தொடங்காதீர்கள்.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஆட்வ்கிளீனர். 2016இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் வாங்கிய இலவசக் கருவி, இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடல் முடிவில் ‘ஸ்பான்சர்டு’ என்று மேலே நிற்பதை அழுத்தாதீர்கள். ஸ்கேன் முடிந்து ‘குவாரன்டைன்’ கொடுத்தால் திறந்திருக்கும் புரோகிராம்களை அதுவே மூடிவிடும், வேலையை முதலில் சேவ் செய்துகொள்ளுங்கள். மடிக்கணினி நிறுவனமே போட்டு அனுப்பிய மென்பொருள்களையும் அது தனியாகக் காட்டும். தெரியாததை அப்படியே விடலாம்.

நிறுவனம் போட்டது என்றாலே நல்லது என்றும் அர்த்தமில்லை. 2014இன் கடைசியில் லெனோவோ தன் சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றியே விற்றது. பாதுகாப்பான வங்கித் தளங்களுக்கு நடுவிலும் அது நுழைய முடிந்தது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும் அதை நீக்கும் கருவியை அவர்களே வெளியிட வேண்டியதாயிற்று.

படி 5: மிச்சங்கள்

தேடல் இன்னும் வேறு தளத்துக்குப் போகிறதா? குரோம் செட்டிங்ஸில் ‘ரீசெட்’ செய்யுங்கள். புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொல்லும் அப்படியே இருக்கும். எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துவிடும், தளங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டி வரும்.

டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் படத்தில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ‘டார்கெட்’. அந்த வரி பொதுவாகக் குரோம் டாட் இஎக்ஸ்இ என்பதோடு முடியும். பின்னால் ஏதாவது இணைய முகவரி தொங்கினால் அழித்துவிடுங்கள். நெட்வொர்க் செட்டிங்ஸில் ‘பிராக்ஸி’ (இணையத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் இடைக் கணினி) பாருங்கள், வீட்டுக் கணினியில் பொதுவாக அது ஆஃபில் இருக்க வேண்டும். செல்போனிலும் தொல்லை என்றால் ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதற்குமுன் இணைப்புக்கான யூசர்நேம், பாஸ்வேர்டைக் குறித்து வைத்துக்கொள்வது முக்கியம், இல்லாவிட்டால் இணைப்புக் கொடுத்தவர் வரும்வரை இன்டர்நெட் கிடையாது.

மறுபடி வராமல் இருக்க

விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்’ போய், ‘ரெபுடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன்’ அமைப்பில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் ‘பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்’ ஆன் செய்யுங்கள். சிலருடைய கணினியில் இது அணைந்தே கிடக்கலாம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

விளம்பரத் தடுப்பானுக்கு, ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின். குரோமில் பழைய பதிப்பு இப்போது ஓடாது, யூபிளாக் ஆரிஜின் லைட் போடலாம். எக்ஸ்டென்ஷன் குறைவாக இருக்கட்டும் என்றேனே, இது அதற்கு விதிவிலக்கு.

எதை இன்ஸ்டால் செய்தாலும் ‘கஸ்டம்’ அல்லது ‘அட்வான்ஸ்டு’ தேர்ந்தெடுத்து, தேவையில்லாத டிக்குகளை எடுத்துவிட்டுப் போங்கள். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று ஓடும் பழக்கத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. தமிழ் தட்டச்சுக்காக ஏதோ ஒரு டவுன்லோட் தளத்தில் மேய வேண்டாம். விண்டோஸிலேயே தமிழ்99, ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இரண்டும் இருக்கின்றன, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். பட்டா, சிட்டா பார்க்கும்போது முகவரி டிஎன் டாட் ஜிஓவி டாட் ஐஎன் என்று முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். கிராக் செய்த விண்டோஸ், கிராக் செய்த போட்டோஷாப் பற்றி உங்களுக்கே தெரியும். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லித்தான் அதை இன்ஸ்டாலே செய்யச் சொல்கிறார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினி தாங்கும் என்றால் 11க்கு மாறிவிடுங்கள்.

“இந்த எண்ணுக்கு அழையுங்கள்” என்று திரை நிறைய வந்தால்

சைரன் சத்தத்தோடு, கணினி முடக்கப்பட்டது என்று ஒரு பக்கம் திரையை மறைத்து நிற்கும். அது வெறும் வலைப்பக்கம். ஆல்ட், எஃப்4 சேர்த்து அழுத்துங்கள். மூடாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’. மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை ‘ரீஸ்டோர்’ செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள்.

வீட்டில் யாராவது ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன செயலியைப் போட்டு, கணினியைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்றால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள், சைபர் மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அதுதான். வங்கிக்கும் சொல்லி கார்டை நிறுத்துங்கள். கடவுச்சொற்களை வேறு கணினியிலோ செல்போனிலோ மாற்றுங்கள். அந்தக் கணினியை மட்டும் தயங்காமல் ஃபார்மேட்டுக்குக் கொடுத்துவிடலாம்.