பழைய கூல் லைட் பெட்டிக்குள் புது வெளிச்சம்: வீடியோவுக்கு மலிவாக ஒரு டேலைட் விளக்கு

அம்மாவின் சமையல் வீடியோவுக்காக நான் வாங்கிய முதல் விளக்கு, மூடப்போகிற ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்த பழைய கூல் லைட். 55 வாட் டியூப் நாலு, இரண்டு பக்கமும் மடக்குக் கதவு, தூக்கினால் தோள் இறங்கும் கனம். 1,800 ரூபாய். அன்று மாலையே மாட்டி, தக்காளி ரசம் தாளிப்பதை எடுத்து அம்மாவிடம் காட்டினேன். "என்னடா, காமாலை வந்தவ மாதிரி இருக்கேன்" என்றாள். ரசத்தின் கதி அதைவிட மோசம். தக்காளி போட்டதற்கான அடையாளமே இல்லை.

அதே பெட்டியில்தான் இன்றைக்கும் எங்கள் வீடியோக்களை எடுக்கிறோம். ஆனால் உள்ளே இருந்த எதுவும் இப்போது இல்லை. பழைய விளக்குக்குக் கொடுக்கிற காசு பெட்டிக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். வெளிச்சத்தைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில், எந்த நிறம் வேண்டும்?

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். நடுப்பகல் வெளிச்சத்தை 5500 அல்லது 5600 கெல்வின் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் ஒரே காட்சியில் வரும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அதற்குத்தான் டேலைட். வீட்டில் எரிகிற 'கூல் டேலைட்' பல்புகள் பெரும்பாலும் 6500 கெல்வின், கொஞ்சம் நீலம் தட்டும். கல்யாண வீடியோவில் ஒரு காலத்தில் கண்ணைக் கூச வைத்த ஹாலஜன் லைட் 3200 கெல்வின், அதாவது மஞ்சள். அதன் மேல் நீல ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) போட்டு டேலைட் ஆக்கலாம்தான், ஆனால் முழு நீல ஜெல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தை விழுங்கிவிடும். 1000 வாட் சூட்டில் நீங்கள் வெந்ததுதான் மிச்சம்.

கெல்வின் மட்டும் சரியாக இருந்தால் போதாது. அம்மா முகம் காமாலை மாதிரி பச்சையடித்ததற்குக் காரணம் வேறு. டியூப் லைட்டின் நிறமாலையில் பச்சைப் பக்கம் ஒரு கூர்மையான முனை இருக்கும், சிவப்பு ஒல்லியாக இருக்கும். டியூபின் ஓரத்தில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள். 865 என்றால் முதல் 8, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூறுக்கான மதிப்பெண்) எண்பதுகளில் என்று அர்த்தம். 65 என்பது 6500 கெல்வின். 950, 954 மாதிரி 9-இல் தொடங்கினால் சிஆர்ஐ தொண்ணூறுக்கு மேல். என் பெட்டியில் இருந்த நாலும் 865. அலுவலகத்தில் ஃபைல் படிக்க அது போதும், ரசத்துக்குப் போதாது. இன்னொரு சூட்சுமமும் உண்டு: சிஆர்ஐ எண்ணை 8 வெளிர் நிறங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது, அதற்கு ஆர்9 என்று தனி எண். தோல், தக்காளி, மிளகாய்த்தூள் எல்லாம் அந்த ஆர்9-ஐ நம்பித்தான் இருக்கின்றன.

கடையில் பார்க்க வேண்டியவை

உங்கள் ஊரில் மூடுகிற ஸ்டுடியோ, எல்இடிக்கு மாறிவிட்ட கல்யாண வீடியோக்காரர், உள்ளூர் கேபிள் சேனல்: இந்த மூன்று இடத்தில் கேட்டாலே ஒன்று கிடைத்துவிடும். சினிமாவில் பயன்படும் பெரிய எச்எம்ஐ விளக்கு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அதன் பல்பு விலை உங்கள் மொத்த பட்ஜெட்டையும் தாண்டும், பற்றவைக்கிற மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட், பாதுகாப்புக் கண்ணாடியில் விரிசல் இருந்தால் புற ஊதாக் கதிர் வெளியே வரும். முதல் விளக்குக்கு அந்த வேலையே வேண்டாம்.

கூல் லைட் என்றால், பெட்டியின் வளைவு நசுங்காமல் இருக்கிறதா, உள்ளே பளபளப்புத் தகடு கருக்காமல் இருக்கிறதா பாருங்கள். கைப்பிடித் திருகு இறுக்கினால் நிற்க வேண்டும். வழுக்கினால் படப்பிடிப்பு நடுவில் விளக்கு மெதுவாகத் தலை குனியும். ஸ்டாண்டில் உட்காரும் துளை 16 மில்லிமீட்டர் என்றால் சாதாரண லைட் ஸ்டாண்டே போதும். பெரிய 28 மில்லிமீட்டர் முளை என்றால் ஸ்டாண்டுக்குத் தனியாகச் செலவு.

கடைக்காரர் ஸ்விட்சைப் போட்டுக் காட்டி, "எரியுதுல்ல தம்பி, அப்புறம் என்ன?" என்பார். எரிகிறது, சரி. பத்து நிமிடம் எரியட்டும். தீய்ந்த வாடை வருகிறதா? டெஸ்டரைப் பெட்டியின் இரும்பில் வையுங்கள், மினுங்கினால் எர்த் இல்லை, கசிவு இருக்கிறது. பிறகு ஒரு பேனாவை விளக்குக்கு முன்னால் விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். பேனா தனித்தனியாக ஐந்தாறு பேனாவாகத் தெரிந்தால் உள்ளே பழைய இரும்பு சோக். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் தப்பிக்கலாம், ஸ்லோ மோஷன் எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். எலெக்ட்ரானிக் சோக் என்றால் பேனா கலங்கலாக, தொடர்ச்சியாகத் தெரியும்.

இத்தனையும் பார்த்துவிட்டு, எப்படியும் உள்ளே இருப்பதைக் கழற்றப்போகிறோம் என்பதால், "டியூப், சோக் எல்லாம் நீங்களே வச்சுக்கங்கண்ணே, பெட்டிக்கு மட்டும் ஒரு விலை சொல்லுங்க" என்று பேசிப் பாருங்கள். டியூபைத் தூக்கிப்போடும் தொல்லை எனக்கு இருக்காது என்று நினைத்தேன். அவரோ டியூபையும் என் தலையிலேயே கட்டினார். அதைப் பற்றி கடைசியில்.

உள்ளே என்ன போடுவது?

சோக் நல்ல எலெக்ட்ரானிக் சோக்காக இருந்தால் சுலப வழி ஒன்று உண்டு: அதே அளவில் 954 அல்லது 950 டியூப் வாங்கி மாற்றிவிடலாம். ஆனால் ஐரோப்பாவில் டி5, டி8 (டியூபின் பருமனைக் குறிக்கும் பெயர்கள்) டியூப்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவதையே 2023 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். இந்த வகை டியூப்களுக்கு எதிர்காலம் இல்லை. நான் எல்இடி பட்டைக்குப் போனேன்.

வாங்க வேண்டியது: 24 வோல்ட், 5600 கெல்வின், சிஆர்ஐ 95, ஆர்9 எண் போட்டிருக்கும் எல்இடி ஸ்ட்ரிப் 5 மீட்டர், ஒரே சுருளாக. கடையில் வெறுமனே 'வொயிட்' என்று கேட்டு வாங்காதீர்கள். இரண்டு வேறு சுருள்களைக் கலந்தால் ஒன்று ரோஜா, ஒன்று பச்சை என்று தெரியும். என்னுடையது மீட்டருக்கு 14.4 வாட். 5 மீட்டருக்கு 72 வாட், 24 வோல்டில் 3 ஆம்பியர். 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கினால் நாள் முழுக்க மூச்சுத் திணறும். 5 ஆம்பியர் வாங்குங்கள். லேப்டாப் சார்ஜர் மாதிரி முழுவதும் மூடிய அடாப்டராக இருக்கட்டும். 230 வோல்ட் அந்தக் கறுப்பு டப்பாவோடு நின்றுவிடும், இரும்புப் பெட்டிக்குள் 24 வோல்ட் மட்டும்தான் போகும். புதிதாகச் செய்பவர்களுக்கு இந்த வேலையைத் தைரியமாகச் சொல்ல முடிவது இதனால்தான். திருகு முனைகள் திறந்திருக்கும் ஓட்டை போட்ட இரும்புக்கூட்டு அடாப்டர் (எஸ்எம்பிஎஸ்) மலிவுதான், ஆனால் வேண்டாம்.

வேலையைத் தொடங்கலாம்

பிளக்கைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, டியூப், ஹோல்டர், சோக், பழைய பவர் வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சோக்கைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், உள்ளே கெப்பாசிட்டர் மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

பெட்டிக்குள் அடங்கும் அளவில் ஒரு அலுமினியத் தகடு வெட்டிக்கொள்ளுங்கள். வன்பொருள் கடையில் வெட்டியே தருவார்கள். பட்டையை ஏறத்தாழ அரை மீட்டராகப் பத்துத் துண்டாக்குங்கள், கத்தரிக்கோல் படம் போட்ட செப்புக் கோட்டில் மட்டும். நடுவில் வெட்டினால் அந்தக் கண்ணி செத்துப்போகும்.

ஒட்டும்போது நான் செய்த தவறு: பட்டையின் பின்னால் வருகிற பசையை மட்டும் நம்பினேன். சித்திரை மாதம் மொட்டை மாடி அறையில் வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் பத்தில் நாலு, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், இரு முனையிலும் ஒரு சொட்டு சிலிகான் வையுங்கள்.

பத்துத் துண்டையும் பக்க இணைப்பில் சேர்க்க வேண்டும்: எல்லா பிளஸ்ஸும் ஒரு சிவப்பு வயரில், எல்லா மைனஸும் ஒரு கறுப்பு வயரில். ஒன்றின் வாலில் இன்னொன்று என்று நீட்டிக்கொண்டே போனால் கடைசித் துண்டு மங்கும். சால்டரிங் முனையை செப்புப் புள்ளியில் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் வைக்காதீர்கள், புள்ளியே பெயர்ந்து வந்துவிடும். முடித்ததும் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து சிவப்பையும் கறுப்பையும் தொடுங்கள். பீப் அடித்தால் எங்கோ ஈயம் வழிந்து இரண்டையும் ஒட்டியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடாப்டரைச் சொருகாதீர்கள்.

டிம்மர் வேண்டாமா என்று கேட்பீர்கள். மலிவு டிம்மர்கள் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. கேமராவில் கறுப்புப் பட்டைகள் ஓடும். நான் ஐந்து துண்டுக்கு ஒரு ஸ்விட்ச் என்று இரண்டு ஸ்விட்ச் வைத்தேன், ஒன்று விட்டு ஒன்றாக. முழு வெளிச்சம், பாதி வெளிச்சம். அதற்கும் குறைவாக வேண்டுமானால் விளக்கைத் தள்ளி வையுங்கள், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசி ஆகிவிடும்.

பெட்டியின் முன்னால், பட்டையிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, பட்டர் பேப்பர் கட்டுங்கள். ஒட்டினாற்போல் கட்டினால் எல்இடி புள்ளிகள் மூக்குக் கண்ணாடியில் வரிசையாகத் தெரியும்.

சோதனை

கேமரா ஷட்டரை 1/1000-இல் வைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள். பட்டை ஓடவில்லை என்றால் அடாப்டர் நல்லது. ஓடினால் அடாப்டரை மாற்றுங்கள், மற்ற எதிலும் கை வைக்க வேண்டாம். வொயிட் பேலன்ஸைச் சாம்பல் அட்டை வைத்து அமையுங்கள். ஏ4 தாள் வேண்டாம், அதில் வெண்மைக்காகச் சேர்க்கிற ரசாயனம் நீலம் காட்டும். பிறகு ஜன்னலைத் திறந்து, முகத்தின் ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் விளக்கு என்று ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். இரண்டு கன்னமும் ஒரே ஆளுடையதாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சோதனைக்கு ஒரு தட்டில் நாலு தக்காளியை வைத்தோம்.

என் தலையில் கட்டிய டியூப்களை உடைக்காமல் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்து மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தேன். உள்ளே பாதரசம் இருக்கிறது, குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. உங்களுடையது தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அறையை விட்டு வெளியே இருங்கள், பிறகு அட்டையால் அள்ளுங்கள். துடைப்பமோ வேக்குவமோ வேண்டாம்.