படைவீரர் இருக்கும்போதே மனைவியின் பெயரைச் சரிபாருங்கள்: முன்னாள் படைவீரர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் தெருவில் ஒரு சின்னம்மா இருக்கிறார். சித்தப்பா ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய காரியம் முடிந்த மறுநாள், பேரனிடம் ஒரு தகர டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொடுத்து எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார். திறந்ததும் பூச்சி உருண்டை வாசனை. மேலே மடித்து வைத்த பச்சை ஸ்வெட்டர், அதற்குக் கீழே பிளாஸ்டிக் பையில் சுற்றிய டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து வெளியே வரும்போது தரும் பதிவுப் புத்தகம். புரட்டிப் பார்த்தேன். மனைவி பெயர் 'அம்மா' என்று முடிந்திருந்தது. ஆதாரில் அதே பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது. பிறந்த தேதிக்கான கட்டத்தில் ஒரு கோடு மட்டும். ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் சின்னம்மா பெயரே இல்லை.

அந்த ஒரு எழுத்துக்காகவும் அந்தக் கோட்டுக்காகவும் சின்னம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர பதினொரு மாதம் ஆனது. அதுவரை மகள் அனுப்பிய பணத்தில்தான் அடுப்பு எரிந்தது.

நான் 24 வருடம் ராணுவத்தில் கிளார்க்காக இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவன். ஊர் வேலூர் மாவட்டம். பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு படைவீரர். இத்தனை பேர் இருந்தும் காகிதத்தைச் சரியாக வைத்திருக்கும் வீடு குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கே போவது

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் விசாரித்தால் சொல்வார்கள். உதவி இயக்குநர்தான் அங்கே அதிகாரி. மாநில அரசின் உதவி, டெல்லியில் இருக்கும் மத்திய அரசின் முன்னாள் படைவீரர் வாரியமான கேந்திரிய சைனிக் போர்டின் உதவி, வேலைவாய்ப்புப் பதிவு, பிள்ளைகளுக்கான சான்று எல்லாவற்றுக்கும் வாசல் அதுதான். முன்னாள் படைவீரர் அடையாள அட்டையும், இறந்தவர் மனைவிக்கான அடையாள அட்டையும் அங்கேதான் தருகிறார்கள். ஓய்வு பெற்று வந்து பத்து வருடமாகியும் அங்கே பதிவு செய்யாதவர்களைப் பார்த்திருக்கிறேன். "எனக்குத்தான் பென்ஷன் வருதே" என்பார்கள். சரி, உங்களுக்கு வருகிறது. உங்களுக்குப் பிறகு?

முதல் நாள் போகும்போது டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., கணவன் மனைவி இருவரின் ஆதார், பான், பாஸ்புக், புகைப்படம், இவற்றின் அசலும் இரண்டிரண்டு நகலும் கையில் இருக்கட்டும். காலை பத்து மணிக்கே போய்விடுங்கள்.

பெயரும் தேதியும்

இன்று சாயங்காலமே இதைச் செய்யலாம். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார், பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். மனைவியின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படியுங்கள். ஒரு எழுத்து கூடுதலோ குறைவோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி நான்கிலும் ஒன்றா என்று பாருங்கள். பி.பி.ஓ.வில் குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவராக மனைவி பெயர் ஏறியிருக்கிறதா என்பது எல்லாவற்றையும் விட முக்கியம்.

தப்பு இருந்தால் திருத்த வேண்டியது, பணிப் பதிவுகளை வைத்திருக்கும் உங்கள் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியியல் பிரிவான ஈ.எம்.ஈ.க்குச் செகந்திராபாத். நேரில் போக வேண்டியதில்லை. நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதி, உறுதிமொழிப் பத்திரமும் ஆதார் நகலும் வைத்து, அவர்கள் கையொப்பத்தோடு அனுப்பலாம். பெயர் முழுக்க மாறியிருந்தால் பத்திரிகை விளம்பரமும் கேட்பார்கள். ரெக்கார்ட் ஆபீஸ் திருத்தி எழுதியதும் பிரயாக்ராஜில் இருக்கும் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்திலிருந்து திருத்திய பி.பி.ஓ. வரும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாதவர் எத்தனை முறை நடந்தாலும் முதல் முறை வந்தவர் போலத்தான்.

படைவீரர் உயிரோடு இருக்கும்போது அவர் கையெழுத்தோடு இந்தக் காகிதங்கள் போதும். அவர் போன பிறகு அதே திருத்தத்துக்கு வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, இன்னும் என்னென்னவோ. சின்னம்மா விஷயத்தில் இதுதான் நடந்தது.

தேதிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், 80 வயது ஆனதும் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100 வயதில் இன்னொரு முழு ஓய்வூதியம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும் இது உண்டு. பதிவில் பிறந்த தேதி இல்லாவிட்டால், எண்பது வயது ஆனது அவர்களுக்கு எப்படித் தெரியும்? எண்பத்து மூன்று வயதில் பழைய தொகையே வாங்கிக்கொண்டிருந்த பாட்டி ஒருவரை நானே அழைத்துப் போயிருக்கிறேன்.

ஸ்பர்ஷும் நவம்பர் மாதமும்

இப்போது ஓய்வூதியம், படைத்துறை ஓய்வூதியத்துக்கான இணைய ஏற்பாடான ஸ்பர்ஷ் வழியாக வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்று தர வேண்டும். பெரும்பாலானவர்கள் நவம்பரில் தருகிறார்கள். உயிர்ச்சான்றுக்கான ஜீவன் பிரமாண் செயலியில் போனில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். அதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஓய்வூதியம் வழங்குபவர் யார் என்று கேட்கும்போது பழைய பழக்கத்தில் வங்கி பெயரைத் தேர்வு செய்துவிடுகிறார்கள். ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் அங்கே 'ஸ்பர்ஷ் பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் அலகாபாத்' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். வங்கியைத் தேர்வு செய்தால் சான்று போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது; கெடு தாண்டியதும் பணம் நின்றுவிடும்.

நடக்க முடியாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய். இ-சேவை மையம் போன்ற பொதுச் சேவை மையங்களிலும் செய்யலாம். போனில் யாராவது கூப்பிட்டு, "உயிர்ச்சான்று முடியப்போகிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்றால் உடனே வைத்துவிடுங்கள். எந்த அலுவலகமும் அப்படிக் கேட்காது.

அப்புறம், படைவீரர் இறந்துவிட்டால் ஸ்பர்ஷ் இணையதளத்தில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். அதைத் தெரிவிக்காமல் அடுத்த மாதம் வரும் ஓய்வூதியத்தை ஏ.டி.எம். அட்டை போட்டு எடுக்காதீர்கள், பின்னால் பிடித்துவிடுவார்கள். இறந்த நாள் வரை அவருடைய ஓய்வூதியம், மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். கணவர் ஓய்வு பெற்ற பிறகு இறந்திருந்தால், முதல் 7 வருடம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது ஆகும் நாள் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை உயர்ந்த விகிதம். பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தது 9,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும். கணவன் மனைவி கூட்டுக் கணக்கு வைத்திருந்தால் அதே கணக்கில் தொடரலாம்.

மருத்துவம்

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.ஹெச்.எஸ். 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் குடும்பத்துக்கும் இது பெரிய துணை. அதற்கு முன்னால் ஓய்வு பெற்று வந்த பெரியவர்கள் பலர் இன்னும் சேராமல் இருக்கிறார்கள். 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் சந்தாகூடக் கட்ட வேண்டாம், ஆனால் விண்ணப்பித்து அட்டை வாங்க வேண்டும். வழக்கமான வைத்தியத்துக்கு முதலில் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக், அங்கே பரிந்துரைச் சீட்டு, பிறகு பட்டியலில் உள்ள மருத்துவமனை. நெஞ்சுவலி, விபத்து என்றால் எந்தச் சீட்டும் வேண்டாம், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது பட்டியலில் இல்லாத இடமாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எல்லோரும் பதறிக்கொண்டிருக்கும்போது இது மறந்துபோகும். அதனால் பாலிகிளினிக் போன் நம்பரைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.

ஓய்வூதியம் இல்லாதவர்கள்

என் மனதை அதிகம் உறுத்துவது இவர்கள்தான். 15 வருடம் முடிக்காமல் வந்த சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் ஓய்வூதியம் கிடையாது. "நமக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று ஒதுங்கிவிடுவார்கள். அது தப்பு. ஹவில்தார் வரை பதவி வகித்து, ஓய்வூதியம் இல்லாமல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், கணவரை இழந்த அவர்கள் மனைவிமாருக்கும் சைனிக் போர்டு மாதாமாதம் வறுமை உதவித்தொகை தருகிறது. 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க வரும். விண்ணப்பம் சைனிக் போர்டு இணையதளத்தில், சரிபார்த்துப் பரிந்துரைப்பது நம் மாவட்ட அலுவலகம்.

அதே தேதியிலிருந்து ஹவில்தார் வரையிலான குடும்பங்களுக்கு, இரண்டு பிள்ளைகள் வரை ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் கல்வி உதவி. மகள் திருமணத்துக்கு, இரண்டு பெண்கள் வரை, ஆளுக்கு ஒரு லட்சம். இதற்கெல்லாம் கெடு உண்டு. கல்யாணக் களைப்பு தீரட்டும் என்று தள்ளிப்போடாமல் திருமணப் பதிவுச் சான்று கைக்கு வந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள்.

பிள்ளைகளும் வேலையும்

தொழிற்படிப்பில் முதல் வருடம் சேர்ந்த பிள்ளைக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை இருக்கிறது. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. வருடத்துக்கு நாடு முழுக்க 5,500 பேருக்கு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடம் தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் நல அலுவலகச் சான்று தேவை. ரிசல்ட் வந்த பிறகு போனால் கூட்டம் அலைமோதும், ஏப்ரலிலேயே கேட்டு வையுங்கள்.

இப்போதுதான் வெளியே வந்திருக்கும் தம்பிகளுக்கு: மாநில அரசின் குரூப் சி வேலைகளில் நமக்கு 5 சதவீதம், மத்திய அரசில் 10 சதவீதம் ஒதுக்கீடு. செக்யூரிட்டி வேலைதான் கதி என்று நினைக்காதீர்கள். சொந்தத் தொழில் என்றால், 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம்.

எதற்கும் இடைத்தரகர் வேண்டாம். இவை எல்லாம் நீங்களே போடக்கூடிய விண்ணப்பங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் அலுவலகத்தில் இருப்பவர்களிடமே கேளுங்கள், பெரும்பாலும் அவர்களும் நம்மைப் போல் படையிலிருந்து வந்தவர்கள்தான். காகிதம் எங்கேயோ சிக்கிக்கொண்டால், ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

சின்னம்மாவுக்குப் பன்னிரண்டாவது மாதம் நிலுவையோடு பணம் வந்தது. பாஸ்புக்கைக் கொண்டுவந்து என் மனைவியிடம்தான் முதலில் காட்டினார். அடுத்த வாரம் நான் என் மனைவியை நல அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். எந்தப் பஸ், எந்த நிறுத்தம், எந்த மேசையில் எதற்குக் கேட்க வேண்டும் என்று காட்டினேன். என் படை எண்ணையும் பி.பி.ஓ. எண்ணையும் அவளே மளிகைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.