ஏழு வயதுச் சிறுமியின் பாவாடை சட்டைக்கு எத்தனை மீட்டர்?

கடையில் முதலில் கேட்க வேண்டியது பன்னா, அதாவது துணியின் அகலம். 36 அங்குலமா, 44 அங்குலமா என்று தெரியாமல் மீட்டர் கணக்குப் போடவே முடியாது. சீட்டில் 44 என்று இருந்தாலும் நான் டேப்பை வைத்து அளந்துவிடுவேன். 42தான் இருக்கும் துணிகளும் உண்டு.

அடுத்தது, கரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். இங்கேதான் கணக்கே மாறுகிறது.

ஒரு சிறுமிக்கு இடுப்பு 22, பாவாடை உயரம் 27 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஜரிகைக் கரை போட்ட பட்டில் கரை கீழே வர வேண்டும். அதனால் துணியைக் குறுக்காகத் திருப்பி, பன்னாவையே பாவாடையின் உயரமாக எடுக்கிறோம். மீட்டரில் வாங்குவது முழுக்கச் சுற்றளவுக்குத்தான். நல்ல சுருக்கு விழ இடுப்பைப் போல மூன்று மடங்கு, 66. பக்கத் தையலுக்கு 2. மொத்தம் 68 அங்குலம். ஒரு மீட்டருக்கு 39 அங்குலத்துக்குச் சற்றே அதிகம், ஆக 1.75 மீட்டர் போதும்.

அதே பாவாடையைப் பூக்கள் நிமிர்ந்து நிற்கும் 44 பன்னா காட்டனில் தைத்தால் துணியைத் திருப்ப முடியாது, பூ படுத்துவிடும். நெடுக்காக இரண்டு துண்டு வெட்ட வேண்டும். ஒவ்வொன்றும் உயரம் 27, இடுப்புத் தையலுக்கு 1, கீழ் மடிப்புக்கு 3, டக் (உள்பக்கம் மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடிக்க 6, ஆக 37. இரண்டுக்கும் 74. காட்டன் நனைத்தால் சுருங்கும் என்பதால் மீட்டருக்கு 2 அங்குலம் கூட்டிக்கொள்வேன். 2 மீட்டர் வாங்குங்கள். கட்டம் போட்ட துணியென்றால் கட்டம் சேர, துண்டுக்கு ஒரு கட்ட அளவு கூடுதலாக வேண்டும்.

அந்த டக் துணியில் மட்டும் கை வைக்காதீர்கள். வளரும் பிள்ளை. உள்பக்கம் பிடித்த டக்கைப் பிரித்துவிட்டால் அதே பாவாடையை அடுத்த தீபாவளிக்கும் போடலாம்.

சட்டைக்குக் கோடு போட்ட நோட்டில் வரைந்து பார்ப்பதே நல்லது. மார்பு 24, லூஸுக்கு 4. அதில் பாதி 14, தையலும் சேர்த்து முன்பக்கம் 17 அகலம். பின்பக்கம் பட்டன் பட்டிக்காக 19. இரண்டும் 44 பன்னாவில் பக்கத்தில் பக்கத்தில் அடங்கிவிடும். சட்டை உயரம் தையலோடு 17, அதற்குக் கீழே பஃப் கை இரண்டுக்கும் 9. மொத்தம் 26 அங்குலம், 75 செ.மீ. வாங்கலாம். 36 பன்னாவில் முன்னும் பின்னும் ஒரே வரிசையில் உட்காராது. பேசாமல் 1 மீட்டர் எடுத்துவிடுங்கள்.

பட்டுப் பாவாடைக்கு லைனிங் வேண்டும். அதற்கு மூன்று மடங்கு சுருக்கு வைத்தால் இடுப்பு உப்பிவிடும், இரண்டு மடங்கே சரி. 36 பன்னா காட்டனைக் குறுக்காக வைத்தால் 1.25 மீட்டர். வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள்.